ஓய்வும் அமைதி ஜெபமும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் அமைதி ஜெபத்தைப் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பல, ஜெபத்தில் தொடங்கிக் களைப்பில் முடிகின்றன. எனவே இரண்டையும் பிரிக்காமல் சேர்த்தே பதில் எழுதுகிறோம். வேதவசனங்கள் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து.

காலையில் அமைதியாக உட்கார்ந்து ஜெபிக்கப் பல தடவை ஆரம்பித்துவிட்டேன். இரண்டு நிமிடம் ஆவதற்குள் பால் பாக்கெட், பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ், ஆபீஸ் வேலை என்று மனசு ஓடிவிடுகிறது. எனக்கு இது வராதோ?
– வங்கி ஊழியர், திருநெல்வேலி

வரும். மனம் ஓடுவது எல்லாருக்கும் நடப்பதுதான். ஆரம்பத்திலேயே அரைமணி நேரம் உட்கார நினைப்பதும், கையில் ஒரு வசனம்கூட இல்லாமல் வெறுமனே கண்ணை மூடுவதும்தான் பெரும்பாலும் காலை வாருகின்றன. 10 நிமிடத்தில் தொடங்குங்கள். ஒரு மாதத்துக்கு அதை 11 ஆகக்கூட ஆக்க வேண்டாம்.

இடமும் நேரமும் மாறாமல் இருக்கட்டும். கட்டிலில் உட்காராதீர்கள். நிமிர்ந்த முதுகுள்ள நாற்காலி, பாதம் இரண்டும் தரையில். அல்லது சுவரில் சாய்ந்து பாயில். போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, மேஜைக் கடிகாரத்தில் அலாரம் வையுங்கள். ‘டைமருக்காக’ போனைக் கையில் எடுக்கிறவர்கள் நோட்டிபிகேஷனைப் பார்க்காமல் கீழே வைப்பதில்லை. பக்கத்தில் ஒரு சின்ன நோட்டு, பேனா. ஃபீஸ் கட்ட வேண்டும் என்று ஞாபகம் வந்தால் ‘ஃபீஸ்’ என்று ஒரு சொல் எழுதிவிட்டுத் திரும்பி வாருங்கள். எழுதி வைத்ததை மனம் மறுபடி மறுபடி நினைவூட்டாது.

முதல் ஒரு நிமிடம் சும்மா இருங்கள், மூச்சு தானாகச் சீராகட்டும். அடுத்த மூன்று நிமிடம் ஐந்தாறு வசனங்களைத் தாழ்ந்த குரலில், வாய்விட்டு, இரண்டு தடவை வாசியுங்கள். குருடன் பர்திமேயுவின் பகுதி (மாற்கு 10:46–52) தொடங்க நல்ல இடம். மூன்றாம் தடவை வாசிக்கும்போது ஏதோ ஒரு வரியில் மனம் நிற்கும். ‘நான் உனக்கு என்னசெய்யவேண்டும் என்றிருக்கிறாய்’ என்ற வரியில் நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் வாசிக்காமல், அந்த வரியை மெதுவாகத் திரும்பச் சொல்லிப் பாருங்கள்; கேட்கிறவரிடம் உங்களுக்கு வேண்டியதை மூன்று நிமிடம் உள்ளபடி சொல்லுங்கள். மீதி இரண்டு நிமிடம் எதுவும் கேட்காமல் அவர் முன் இருங்கள். கடைசியாகப் பரமண்டல ஜெபத்தை, ஒவ்வொரு வரிக்கும் ஒரு மூச்சு விட்டு, நிதானமாகச் சொல்லி எழுந்திருங்கள்.

இது புது முறை அல்ல. வாசிப்பு, தியானிப்பு, ஜெபம், தேவனில் அமர்ந்திருத்தல் என்று 12ஆம் நூற்றாண்டிலேயே கார்த்தூசியத் துறவி இரண்டாம் கைகோ நான்கு படிகளாக எழுதி வைத்தார். நடுவில் மனம் ஓடினால் உங்களைத் திட்டிக்கொள்ளாமல் பிடித்த வரியை ஒரு தடவை சொல்லித் திரும்புங்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெனீவா ஆயராக இருந்த பிரான்சிஸ் சலேசியார் இதைத்தான் வற்புறுத்துவார்: அலைகிற மனதை மென்மையாகத் திரும்பக் கொண்டுவா, மறுபடி ஓடினால் மறுபடி கொண்டுவா. 10 நிமிடமும் இப்படித் திரும்பி வருவதிலேயே போனாலும் அது ஜெபித்த நேரம்தான்.

வாராவாரம் ஜெபிக்கும் முறையை மாற்றிப் பார்ப்பதுதான் இதைக் கெடுக்கும். ஒரே பகுதியை மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் கண்ணில் படாதது மூன்றாம் நாள் படும். ஸ்டேட்டஸில் போட வசனம் தேடும் பழக்கம் இருந்தால் அதற்கு வேறு நேரம் ஒதுக்குங்கள்.

இரவு ஷிப்ட் முடிந்து வந்து ஜெபிக்க உட்கார்ந்தால் அப்படியே தூங்கிவிடுகிறேன். எழுந்ததும் குற்ற உணர்வு. இது பாவமா?
– செவிலியர், வேலூர்

முதலில் தூங்குங்கள், சகோதரி. 1 இராஜாக்கள் 19ஐ எடுத்து, எலியா என்ன கேட்டான், தேவன் என்ன கொடுத்தார் என்று மட்டும் பாருங்கள். சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே என்று சாவைக் கேட்கிறான், படுத்து உறங்கிவிடுகிறான். தூதன் தட்டியெழுப்பி, ‘எழுந்திருந்து போஜனம்பண்ணு’ என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும். சாப்பிட்டு மறுபடி படுக்கிறான். அதற்கும் கண்டிப்பு இல்லை. இரண்டாம் தடவையும் சாப்பாடுதான். ‘நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்’ என்ற ஒரே காரணம் சொல்லப்படுகிறது. ஓரேபில் அவன் கேட்ட அந்த அமர்ந்த மெல்லிய சத்தம், இந்தத் தூக்கத்துக்கும் சாப்பாட்டுக்கும் நாற்பது நாள் நடைக்கும் பிறகுதான் வருகிறது.

ஒருமணி நேரமாவது விழித்திருக்கக்கூடாதா என்று கெத்செமனேயில் சீஷர்களை ஆண்டவர் கேட்டாரே என்பீர்கள். கேட்டார், அதே மூச்சில் ‘ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது’ என்றும் சொன்னார். அவர்கள் துக்கத்தினால் தூங்கினார்கள் என்று லூக்கா காரணத்தையும் எழுதுகிறார். கத்தோலிக்கர்கள் சிறுமலர் என்று அன்போடு அழைக்கும் குழந்தை இயேசுவின் தெரேசா (1873–1897), ஜெப நேரத்தில் தான் பல வருடங்களாகத் தூங்கிவிடுவதைத் தன் சரிதையில் எழுதுகிறார். அதற்காக அவர் மனமுடையவில்லை; பிள்ளைகள் விழித்திருந்தாலும் தூங்கினாலும் பெற்றோருக்குப் பிரியமானவர்களே என்கிறார்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஷிப்ட் முடிந்து வந்ததும் குளித்து, ஏதாவது சாப்பிட்டு, படுக்கும்போது சங்கீதம் 4:8ஐ மட்டும் சொல்லுங்கள்: ‘சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்.’ அதுவே அன்றைய காலை ஜெபம். ஏழு மணி நேரமாவது தூங்கி எழுந்து, முகம் கழுவி, காபி குடித்தபின் உங்கள் 10 நிமிடத்துக்கு உட்காருங்கள். அந்த நேரம் மத்தியானம் மூன்று மணியாக இருந்தாலும் பரவாயில்லை.

நன்றாகத் தூங்கியும் ஜெபத்தில் கண் சொக்குகிறவர்கள் சாப்பிட்ட உடனே உட்காராமல், கண்ணைத் திறந்து ஒரு சிலுவையையோ மெழுகுவர்த்தியையோ பார்த்தபடி ஜெபிக்கலாம். நின்றோ மெதுவாக நடந்தோ ஜெபிக்கலாம். பகல் முழுக்க அசதி, பலமான குறட்டை என்றால் மருத்துவரைப் பாருங்கள். ரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் தூக்கத்தில் மூச்சு தடைப்படுவதும் ஆவிக்குரிய குறைகள் அல்ல, வைத்தியம் உள்ளவை.

ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு வாரத்திலேயே அதிக வேலை. நாலரைக்கு எழுந்து டிபன், பிள்ளைகளைக் கிளப்பி ஆராதனை, வந்ததும் மட்டன் குழம்பு, மத்தியானம் விருந்தாளிகள், சாயங்காலம் பெண்கள் ஐக்கியம். ‘ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் ஆசரி’ என்று பிரசங்கம் கேட்கும்போது அழுகை வருகிறது.
– இல்லத்தரசி, நாசரேத்

இந்தக் கடிதத்துக்கான பதிலை வீட்டில் உள்ள ஆண்களும் வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

பத்துக் கட்டளைகள் வேதத்தில் இரண்டு இடங்களில் வருகின்றன. யாத்திராகமம் 20இல் ஓய்வுக்குக் காரணம் சிருஷ்டிப்பு: தேவன் ஏழாம் நாளில் ஓய்ந்தார். உபாகமம் 5இல் காரணம் வேறு: நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய் என்பதை நினை. அங்கே பட்டியல் நீளமானது. நீ, உன் குமாரன், குமாரத்தி, வேலைக்காரன், வேலைக்காரி, எருது, கழுதை, உன் வாசல்களில் இருக்கிற அந்நியன். ‘உன் வேலைக்காரனும் உன் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற’ வேண்டும் என்பதே நோக்கம். மனைவி தனியாகச் சொல்லப்படவில்லை. ‘நீ’ என்பதில் அவளும் அடக்கம் என்று வேத அறிஞர் பலர் விளக்குகிறார்கள். ஒருத்தி அடுப்படியில் நின்று மற்றவர்கள் இளைப்பாறினால், அந்த வீட்டில் கட்டளை கைக்கொள்ளப்படவில்லை. இதை மிருதுவாகச் சொல்ல வழி தெரியவில்லை.

சனிக்கிழமையிலிருந்து மாற்றுங்கள். மன்னாவைப் பற்றிய யாத்திராகமம் 16ஐப் பாருங்கள்: ஆறாம் நாளில் தலைக்கு இரண்டு ஓமர் (அக்கால அளவு) சேர்த்து, சுட வேண்டியதைச் சுட்டு, வேகவைக்க வேண்டியதை வேகவைத்து, மீதியை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளச் சொல்கிறான் மோசே. ஓய்வுநாள் முந்தின நாளே அடுப்படியில் தொடங்குகிறது. சனிக்கிழமை காலை மாவு அரைத்துவிட்டால் ஞாயிறு டிபன் இட்லி, கூட இட்லிப் பொடி, சட்னிகூட வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலமே மீன் குழம்போ வத்தக் குழம்போ வைத்துவிடுங்கள், அடுத்த நாள்தான் அதற்கு ருசி. ஞாயிறு மத்தியானம் சோறு மட்டும் வடித்து, அப்பளம் பொரித்தால் போதும். மட்டன் இல்லாமல் முடியாது என்று யாராவது சொன்னால், வெங்காயம் பூண்டு உரிப்பதும் பாத்திரம் கழுவுவதும் அப்படிச் சொன்னவர் பொறுப்பு. விருந்து மாதத்துக்கு ஒரு ஞாயிறு என்று கணவர் வாயால் உறவினருக்குச் சொல்லட்டும். நீங்கள் சொன்னால் அது உங்கள் குறையாகிவிடும்.

பிறகு, மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை உங்கள் நேரம். யாரும் ‘அம்மா’ என்று கூப்பிடக் கூடாது. முதல் ஒன்றரை மணி நேரம் படுத்துத் தூங்குங்கள். கடைசி அரைமணியில் ஒரு சங்கீதம், பின் மௌனம். ஆரம்பத்தில் படுத்தால் தூக்கம் வராது, கை பரபரக்கும், அடுப்படியில் சத்தம் கேட்டால் எழுந்து போகத் தோன்றும். போகாதீர்கள். மகன் கழுவிய தட்டில் பிசுக்கு இருந்தாலும் அதை எடுத்துத் திரும்பக் கழுவாதீர்கள். ஒரு தடவை கழுவிவிட்டால் அடுத்த வாரம் அவன் செய்ய மாட்டான். பெண்கள் ஐக்கியம், பாடகர் குழு, ஞாயிறு பள்ளி மூன்றிலும் பெயர் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டில் வேலைக்கு ஒரு அக்கா வருகிறார் என்றால் ஞாயிறு அவருக்குச் சம்பளத்தோடு லீவு கொடுங்கள். உபாகமப் பட்டியலில் அவருக்குத் தனியாகவே இடம் இருக்கிறது.

சும்மா உட்கார்ந்தால் பிசாசு உள்ளே வந்துவிடும், இது கிறிஸ்தவ முறையே இல்லை என்று எங்கள் ஜெபக்குழு அண்ணன் சொல்கிறார். பயமாக இருக்கிறது.
– கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்

தம்பி, அண்ணனுடைய பயத்துக்கு ஒரு வேதப்பகுதி அடிப்படை: மத்தேயு 12:43–45. பெருக்கி அலங்கரித்த வீடு வெறுமையாயிருப்பதைக் கண்டு அசுத்த ஆவி ஏழு ஆவிகளோடு திரும்பி வருகிறது. ஆனால் கிறிஸ்தவ அமைதி மனதை வெறுமையாக்கும் முயற்சி அல்ல. ‘தேவனையே நோக்கி என் ஆத்துமா அமர்ந்திருக்கிறது’ என்கிறது சங்கீதம் 62. யாரை நோக்கி என்பது அங்கே தெளிவாக இருக்கிறது. ‘சொல்லும், அடியேன் கேட்கிறேன்’ என்ற சாமுவேல் வெறுமனே உட்கார்ந்திருக்கவில்லை. வெளிப்படுத்தல் 8:1இல் பரலோகத்திலேயே ஏறக்குறைய அரைமணி நேரம் அமைதி.

உனக்குப் பயம் இருப்பதால் கையில் ஒரு வசனத்தோடு உட்கார். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் காசியன் என்ற துறவி, எகிப்திய வனாந்தரத்துத் துறவிகளிடம் கேட்டறிந்ததை எழுதி வைத்தார். அப்பா ஈசாக்கு என்பவர் சொல்லிக்கொடுத்ததாக அவர் குறிப்பிடும் ஜெபம் சங்கீதம் 70:1தான்: ‘தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்.’ மனம் ஓடும்போதெல்லாம், சோதனை வரும்போதெல்லாம், இந்த ஒரே வசனம். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் ‘கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவே, தேவகுமாரனே, பாவியாகிய என்மேல் இரங்கும்’ என்று நூற்றாண்டுகளாக ஜெபித்து வருகிறார்கள். ஆயக்காரனும் எரிகோவின் குருடனும் கேட்டது (லூக்கா 18) இரண்டும் அதில் இருக்கின்றன.

வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள் என்று இயேசு சொன்னாரே என்று அடுத்து கேட்பார்கள். அதிக வார்த்தையால் தேவனை அசைக்கலாம் என்ற எண்ணத்தைத்தான் அவர் கண்டித்தார். கெத்செமனேயில் அவரே மூன்றாந்தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் (மத்தேயு 26:44).

எச்சரிக்கையும் உண்டு. மூச்சை அடக்குவது, இழுத்துப் பிடிப்பது போன்ற பயிற்சிகளை நீயாகச் செய்து பார்க்காதே. ஆர்த்தடாக்ஸ் குருமாரே வழிகாட்டி இல்லாமல் அதை அனுமதிப்பதில்லை. ‘தேவன் இப்படிச் செய்யச் சொன்னார்’ என்று ஏதாவது தோன்றினால் வேதத்தோடு ஒத்துப் பார்த்து, போதகரிடம் சொல்லி, சில வாரம் பொறு. காதில் குரல்கள் கேட்பது, இரவெல்லாம் தூக்கம் வராதது என்றால் உடனே மருத்துவர். அமைதியில் பழைய கொடிய நினைவுகள் கிளம்பி உடல் நடுங்கினால் நிறுத்திவிட்டுக் கண்ணைத் திற, எழுந்து நட, நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் பேசு. அந்த நிலையில் தனியே மௌனமாக இருப்பதைவிடச் சேர்ந்து பாடி ஜெபிப்பது நல்லது. சத்தமாக ஜெபிப்பதற்கு அமைதி ஜெபம் எதிரி அல்ல. அப்போஸ்தலர் 4இல் சபையார் ஒருமனப்பட்டுச் சத்தமிட்டுத்தான் ஜெபித்தார்கள்.

வாரம் ஏழு நாளும் ஊழியம். ‘அறுப்பு மிகுதி, வேலையாட்களோ கொஞ்சம்’ என்று இருக்கையில் ஓய்வெடுப்பது சுயநலமாகத் தோன்றுகிறது.
– சபை ஊழியர், தஞ்சாவூர்

யாத்திராகமம் 34:21 அறுப்புக்காரர்களுக்காகவே எழுதப்பட்டது போல இருக்கிறது: விதைப்புக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும் ஏழாம் நாளில் ஓய்ந்திரு. கப்பர்நகூமில் ‘உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்’ என்று சீமோன் வந்து சொன்னபோது இயேசு ஜெபத்திலிருந்தார். தேடியவர்களிடம் திரும்பாமல் அடுத்த ஊர்களுக்குப் போனார் (மாற்கு 1:35–38). சாப்பிடக்கூட நேரமில்லாத சீஷர்களை ‘சற்றே இளைப்பாறும்படி’ அழைத்ததும் அவர்தான். அங்கும் ஜனங்கள் வந்துவிட்டார்கள், அவர் மனதுருகிப் போதித்தார் என்பது உண்மை. ஆனால் அன்று சாயங்காலமே சீஷர்களைப் படகில் அனுப்பிவிட்டு, ஜெபிக்க மலைக்குப் போனார். தடைப்பட்ட ஓய்வை அவர் கைவிட்டுவிடவில்லை.

உங்களுக்கு ஞாயிறு வேலை நாள். ஞாயிறு மாலை 6 முதல் திங்கள் மாலை 6 வரை ஓய்வு என்று வைத்து, ஆராதனையில் ஒரு தடவை அறிவித்துவிடுங்கள். மரணம், விபத்து இரண்டுக்கு மட்டும் அழைக்கலாம். அந்த அழைப்பும் முதலில் ஒரு மூப்பருக்குப் போகட்டும். மாமனார் எத்திரோ மோசேக்குச் சொன்ன யோசனை (யாத்திராகமம் 18) இதுதான். இன்னொன்று: பிரசங்கத்துக்காக வேதம் வாசிப்பதை உங்கள் அமைதி ஜெபமாகக் கணக்கு வைக்காதீர்கள். ஊழியர்கள் உள்ளே வறண்டுபோக அது முக்கியமான காரணம்.

முன்பெல்லாம் ஜெபித்தால் கண்ணீர் வரும், மனசு லேசாகும். ஆறு மாதமாக ஒன்றுமே இல்லை. தேவன் கைவிட்டுவிட்டாரா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை

இல்லை, ஐயா. உணர்வு வற்றுவதைப் பற்றி, இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா தம் ஆன்மிகப் பயிற்சிகள் நூலில் (1548இல் அச்சானது) தெளிவான விதிகள் எழுதியிருக்கிறார். வறட்சி நாட்களில், நன்றாயிருந்த நாட்களில் எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. ஜெப நேரத்தைக் குறைக்கத் தோன்றும். குறைக்காதே, குறித்த நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இரு. காரணமாக அவர் மூன்றைச் சொல்கிறார்: நம் அசட்டை, நம்மைச் சோதித்தறிதல், ஆறுதல் என்பது நாம் உண்டாக்குவதல்ல, கிருபையாகக் கிடைப்பது என்று கற்பித்தல்.

முதல் காரணத்தைச் சோதித்துப் பாருங்கள். பேசாமல் விட்ட தம்பி, தீராத சொத்துத் தகராறு ஏதாவது உண்டா? காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் ஒப்புரவாகச் சொன்னது (மத்தேயு 5:23–24) இதற்காகத்தான். பிறகு உடம்பு: ஆறு மாதத்துக்குள் புது மருந்து ஏதாவது ஆரம்பித்தீர்களா, சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறதா, தூக்கம் எப்படி? ஓய்வுபெற்ற முதல் வருடங்களில் பலருக்கு நாளின் ஒழுங்கே குலைந்துபோகும். மணியடித்து வாழ்ந்தவருக்கு அது பெரிய இழப்பு. ஜெபத்துக்குப் பழையபடி ஒரு நேரத்தைக் குறித்து வையுங்கள்.

ஸ்தோத்திரம் வரவில்லை என்றால் வந்ததாக நடிக்க வேண்டாம். சங்கீதம் 13, 42, 88 மூன்றையும் மாற்றி மாற்றி வாய்விட்டு வாசியுங்கள். 88 இருளிலேயே முடிகிறது, கடைசி வசனத்திலும் விடிவதில்லை. அதையும் வேதம் ஜெபமாகவே வைத்திருக்கிறது.

ஜெபத்தில் மட்டுமல்ல, பேரப்பிள்ளைகளிடமும் செய்தித்தாளிலும் சாப்பாட்டிலும்கூட நாட்டம் போய், அந்த நிலை இரண்டு வாரத்துக்குமேல் நீடித்திருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பார்ப்பது விசுவாசக் குறைவு அல்ல.

ஒரே அறை வீடு, ஐந்து பேர், எப்போதும் டிவி. எங்கே போய் அமைதியாக ஜெபிப்பது?
– தையல் தொழிலாளி, சென்னை

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சூசன்னா வெஸ்லி, பிள்ளைகள் நிறைந்த வீட்டில் தலைக்குமேல் ஏப்ரனைப் போட்டுக்கொண்டு ஜெபிப்பாராம். அப்போது யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்பது வீட்டுக்கே தெரியும் என்று சொல்வதுண்டு. சேலை முந்தானையும் அந்த வேலையைச் செய்யும்! ஆராதனைக்கு 20 நிமிடம் முன்னால் போய் உட்காருங்கள். அப்போது கோயிலில் கிடைக்கும் அமைதி வேறெங்கும் கிடைக்காது. கத்தோலிக்க ஆலயங்கள் பல பகலிலும் திறந்திருக்கும், பின் இருக்கையில் உட்கார யாரையும் கேட்க வேண்டாம். தையல் மெஷினில் நூல் கோக்கும்போதெல்லாம் சங்கீதம் 70:1 ஒரு தடவை. பாரிஸ் மடத்துச் சமையலறையில் வேலை செய்த சகோதரர் லாரன்ஸ் (இறப்பு 1691) பாத்திரங்களின் இரைச்சலுக்கு நடுவிலேதான் தேவசமுகத்தை உணரப் பழகினார்.

இரவில் அன்றைய நாளை யோசித்து ஜெபித்தால் கவலை அதிகமாகித் தூக்கமே போய்விடுகிறது.
– சிறுதொழில் செய்பவர், திருப்பூர்

வரிசை மாறியிருக்கிறது. முதலில் நன்றி: அன்று கிடைத்த மூன்றைப் பெயர் சொல்லி. பிறகு வெளிச்சம் கேளுங்கள். அதன்பின் காலையிலிருந்து மணிவாரியாக ஒரு தடவை மட்டும் பாருங்கள். தவறியதற்கு மன்னிப்பு, நாளைக்கு ஒரே ஒரு தீர்மானம். இக்னேஷியஸ் வகுத்த ஐந்து படிகள் இவை. எட்டு நிமிடம் போதும். படுக்கையில் செய்யாதீர்கள், சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள். கடன் கணக்கும் ஆர்டர் கணக்கும் இதில் வரக் கூடாது. அவற்றுக்குப் பகலில் ஒரு நேரம் வையுங்கள்.

லெந்து நாட்களில் ஒரு நாள் அமைதித் தியானம் நடத்த விரும்புகிறோம். 25 பேர் வருவார்கள். எப்படி அட்டவணை போடுவது?
– வாலிபர் சங்கச் செயலாளர், மதுரை

முதலில் மைக்கை விட்டுவிடுங்கள். 25 பேருக்கு அது தேவையில்லை. ஒருநாள் தியானங்கள் கெடுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: நாலு பேச்சாளர்களை அழைத்து, மிச்ச நேரத்தில் பத்து நிமிடம் மௌனம் என்று வைப்பார்கள். நீங்கள் பேச்சைக் குறையுங்கள்.

காலை 8:45க்கு காபி. போன்களை அணைத்து ஒரு துணிப்பையில் போட்டுவிடட்டும். 9:15க்கு இசைக்கருவி இல்லாமல் ஒரு பாட்டு, பிறகு இந்த நாளின் மௌனம் எதற்கு என்று விளக்கம். இதைச் சொல்லாமல் விட்டால் பாதிப் பேர் அதைத் தண்டனையாக நினைப்பார்கள். 9:30க்கு 20 நிமிடம் மாற்கு 6:30–46 மேல் ஒரு பேச்சு. அந்தப் பகுதியும் இரண்டு கேள்விகளும் அச்சிட்ட தாளைக் கொடுத்து, 11 மணி வரை தனித்தனியே மரத்தடிக்கு அனுப்புங்கள். 11க்கு மோர். 11:20க்கு 15 நிமிட இரண்டாம் பேச்சு, சங்கீதம் 131 மேல். 12:45 வரை மறுபடி மௌனம். மத்தியானச் சாப்பாடும் மௌனத்தில்தான்; ஒருவர் மட்டும் சுவிசேஷத்தை வாசிக்கட்டும். எலுமிச்சை சாதம், தயிர் சாதம் என்று முந்தியே செய்து கொண்டுபோங்கள். சங்கத்துப் பெண்கள் அன்று சமையலறையில் மாட்டிக்கொள்ளக் கூடாது. 1:30 முதல் 2:30 வரை தூக்கம். இதை வெட்டச் சொல்வார்கள், வெட்டாதீர்கள். எழுந்தபின் முக்கால் மணி நேரம், தேவனுக்கு ஒரு கடிதம் எழுதலாம். அதை யாரும் வாங்கிப் பார்க்கக் கூடாது. 3:15க்குப் பகிர்வு: ஆளுக்கு ஒரு நிமிடம், விருப்பமில்லாதவர் பேச வேண்டாம், யாரும் யாருக்கும் ஆலோசனை சொல்லக் கூடாது. நாலு மணிக்கு ஜெபித்து முடியுங்கள்.

இடத்துக்கு, ஊருக்கு வெளியே மரங்கள் உள்ள பள்ளி வளாகம் விடுமுறை நாளில் போதும். ஓரிரு நாள் தங்க நினைத்தால், 1921இல் மருத்துவர்கள் ஜேசுதாசனும் ஃபாரஸ்டர் பேட்டனும் திருப்பத்தூரில் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம், குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் 1950இல் தொடங்கிய சாந்திவனம் போன்ற ஆசிரமங்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். அங்கே அவர்களுடைய ஜெப நேரங்களுக்கு நீங்கள் ஒத்துப்போக வேண்டும். முதல் முறை நடத்துகிறவர்கள் ஒரு நாளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பாய் 25 தேவைப்படும். ஆளுக்கு ஒன்று வீட்டிலிருந்தே கொண்டுவரச் சொல்லிவிடுங்கள்.